எருமையை அவிழ்க்கப் போனவர்

2.11.78 வியாழன்

மழை. மண்டி வாசலில் கிடந்த கடலை மூட்டைகளுக்குத் தார்ப்பாய் கட்ட அப்பா இந்த மழையிலும் ஓடினார். மண்டி எதிரிலேயே வீடு இருப்பதன் வினை. அம்மா வாசலில் நின்று கத்தினாள்: "யோவ், உள்ள வாய்யா! மூட்டை நனைஞ்சா காய வெச்சிக்கலாம்!" அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது தும்முகிறார். அம்மா மிளகு தட்டிக்கொண்டே திட்டுகிறாள்.

பி.ஏ. வரலாறு படித்த நான் அரிசியில் கல் பொறுக்குகிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி!

4.11.78 சனி

மண்டி முதலாளி ராஜமாணிக்கம் கூப்பிட்டனுப்பினார். போன வருஷம் ஆந்திரப் புயலில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்களே, அதற்கு வரும் பத்தொன்பதாம் தேதி முதலாமாண்டு அஞ்சலிக் கூட்டமாம். கமிட்டிக்கு அவர்தான் தலைவர். வெகுநேரம் பேசினார்கள். எதைப் பற்றி? மௌனம் ஒரு நிமிஷமா, இரண்டு நிமிஷமா என்று.

"ரெண்டு ஜாஸ்திங்க. ஜனம் கலைஞ்சிடும்" என்றார் மைக் செட்டுக்காரர்.

செத்தவர்களுக்கு நம் மௌனம் எதற்கு? அவர்களிடம் இல்லாததா?

பிறகு முதலாளி என் பக்கம் திரும்பினார். "பாப்பா, உங்கம்மா சித்தூர்ப் பக்கம்தானே? உனக்குத் தெலுங்கு வரும் இல்ல?"

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் தெலுங்குக்காரர்கள் தங்கும் சத்திரத்தில் வீரம்மா என்று ஒருத்தி பாத்திரம் துலக்குகிறாள். அந்தப் புயலில் தப்பியவள். அவளை மேடையேற்ற வேண்டும். அவள் பேசுவதை நான் தமிழில் சொல்ல வேண்டும்.

"ரெண்டு வார்த்தை பேசி, கொஞ்சம் அழுதா போதும்."

கொஞ்சமாம்! படி வைத்து அளப்பார்களோ?

நாலு பேர் எதிரில் என் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன். அப்பா அவரிடம்தான் எடை போடுகிறார்.

9.11.78 வியாழன்

வீரம்மாவைப் பார்க்கப் போனேன். சத்திரத்துப் பின்கட்டில் இலையில் சோறும் புளிச்சக்கீரையும் வைத்து, அதன் எதிரே உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அங்கே யாருமில்லை. திட்டி முடிக்கும்வரை நின்றேன்.

இன்றுதான் தெவச நாளாம். தீபாவளி கழிந்த வளர்பிறை நவமி. பத்தொன்பதாம் தேதியில் கூட்டம் என்றதும் அவளுக்குப் புரியவேயில்லை. "புயல் என்ன, இங்கிலீஷ் தேதி பாத்துக்கினா வந்துது?" அவள் தெலுங்கில் கேட்டதை எங்கள் தெருத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும்.

எனக்கே வெட்கமாகிவிட்டது. கொடியேற்றம், தீபம், வீட்டுத் தெவசம் எல்லாவற்றுக்கும் பஞ்சாங்கம் பார்க்கிற ஊர் இது. இவளுடைய சாவுக்கு மட்டும் செய்தித்தாளைப் பார்த்திருக்கிறோம்.

திட்டு வாங்கியவர் அவள் புருஷன் ராமுலு. தண்ணீர் வருகிறது என்று எல்லாரும் பள்ளிக்கூட மாடியில் ஏறியிருக்கிறார்கள். அவர் மட்டும் எருமையை அவிழ்க்கத் திரும்பிப் போனார்.

"போகாதய்யான்னு தொண்டை கிழியக் கத்தினேன். இதோ வந்துட்டேன்னாரு. வந்துகினே இருக்காரு."

"எருமை?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"அது நீந்திப் பொழச்சிது. ரெண்டு நாள் கழிச்சி வந்து என் எதிர்ல நிக்குது, அவுத்த கயிறோட! எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு."

கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "அழுகை அங்கியே தீந்துடுச்சி, பொண்ணே. கோவம்தான் தீரல."

கூட்டத்துக்கு வருகிறாளாம். இத்தனை நாளில் இந்த ஊரில் யாரும் அவளை ஒன்றும் கேட்டதில்லையாம்.

16.11.78 வியாழன்

நோட்டீஸ் வந்துவிட்டது. 'புயலில் கணவனைப் பறிகொடுத்த அபலையின் கண்ணீர்க் கதை.' அவள் அழமாட்டாள் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அவ இன்னா வேணா பேசட்டும் பாப்பா. நீ அழற மாதிரி சொல்லு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். சிரித்துக்கொண்டே, "சடையன் நல்ல ஆளு. தராசுல நம்பி உக்கார வெச்சிருக்கேன்" என்றார்.

அப்பாவின் பெயரை அவர் ஏன் இழுக்க வேண்டும்? தெரியாதா எனக்கு!

17.11.78

யாருக்குத் தெரியும், நிஜமாகவே?

19.11.78 ஞாயிறு

கூட்டம் முடிந்துவிட்டது.

மௌனத்தின் நடுவே பஸ் ஹாரன். யாரோ இருமினார்கள். நானும் தலைகுனிந்து நின்றேன். செத்தவர்களையா நினைத்தேன்? அடுத்தது என் முறை என்பதைத்தான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தானோ?

வீரம்மா மைக்கைப் பிடித்து ராமுலுவைத் திட்டத் தொடங்கினாள். அடித் தொண்டையில், கையை நீட்டி நீட்டி. நான் வாயே திறக்கவில்லை, அதற்குள் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். முதலாளி கைக்குட்டையை எடுத்துவிட்டார். ஒப்பாரி என்று நினைத்துவிட்டார்களே!

அவள் முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லாரும் திருப்தியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவள் உட்பட. ஆனால் அவள் பார்வையை என்ன செய்வது?

சொன்னேன். "எருமையை அவுக்கப் போனாரு. போகாதன்னு கத்தினேன், கேக்கல. எருமை வந்துடுச்சி, அவரு வரல. எனக்கு அழுகை வரல. கோவம் கோவமா வருது. நேர்ல வந்தா நாலு அறை விடுவேன்."

அப்போது வந்தது மௌனம். கமிட்டி முடிவு செய்யாத மௌனம்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்க வூட்லயும் ஒண்ணு கீது, சொன்னா கேக்காது!"

பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. என்னவென்று வீரம்மா கேட்டாள். சொன்னேன். அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

"அஞ்சலிக் கூட்டத்தக் கூத்தாக்கிட்டியே. மானத்த வாங்கிட்ட" என்றார் முதலாளி, மேடைக்குப் பின்னால் வைத்து.

20.11.78 திங்கள்

அப்பாவைத் தராசிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூட்டை தூக்கச் சொல்லிவிட்டார்கள். இந்த வயதில்! அம்மா என்னோடு பேசவில்லை. படிக்க வைத்ததே தப்பு என்று அடுப்போடு பேசினாள்.

அப்பா தோளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: "ஏம்மா... அந்த எருமை நெஜமாவே பொழச்சிதா?"

27.11.78

குழாயடியில் காசியம்மாள் கேட்டாள்: "அந்தாளு பேரு இன்னாடி?" பின்வரிசைக் குரல் அவளுடையதுதான். ராமுலு என்றேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு இன்னும் இரண்டு பேர் விசாரித்தார்கள்.

20.8.79 திங்கள்

குஜராத்தில் அணை உடைந்துவிட்டதாம். கமிட்டி மறுபடி கூடுகிறது. ஆந்திரா முடிந்துவிட்டதா என்று கேட்க ஆளில்லை. என்னைக் கூப்பிடவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

அப்பா தராசுக்குத் திரும்பிவிட்டார். புது ஆள் போட்ட எடையில் விவசாயிகள் சண்டைக்கு வந்துவிட்டார்களாம்.

29.10.79 திங்கள்

காலண்டரில் நவமி பார்த்து வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கிளம்பும்போது அம்மா ஒரு தூக்கு மோரை நீட்டினாள். "அவளுக்குக் குடு" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சத்திரத்துப் பின்கட்டில் எனக்கு முன்பே காசியம்மாளும் குழாயடிப் பெண்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வீரம்மா இலையைப் பார்த்து ராமுலுவைத் தெலுங்கில் திட்டினாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் இவர்கள் தமிழில் தொடர்ந்தார்கள். எனக்கு மொழிபெயர்க்கும் வேலையே இல்லை.

சாயங்காலம் நல்ல மழை. அப்பா தார்ப்பாயை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். அம்மா உள்ளேயிருந்து கத்தினாள், "யோவ், உள்ள வாய்யா!"

அப்பா நின்றார். எதிரே நனையும் மூட்டைகளை ஒரு தடவை பார்த்தார். பிறகு உள்ளே வந்து, துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார்.