பன்னிரண்டாம் தேதிக் காய்ச்சல்

மஸ்கெலியா
3.6.1962

அன்பு மகன் ரிஸ்விக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையில் நானும் உம்மாவும் தங்கச்சி ரபீக்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், உனக்காகவும் துஆ கேட்கிறோம், மனம்தான் சுகமில்லை. காய்ச்சல், மருந்துக்கு ஐம்பது ரூபாய் அனுப்புங்கள் என்று நீ எழுதிய மூன்று கடிதங்களையும் எடுத்து வைத்துப் பார்த்தேன், மூன்றும் பன்னிரண்டாம் தேதி. முப்பது வருஷம் கடை நடத்துகிறவனுக்கு, தேதி பார்த்து வரும் காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று தெரியாதா? சாமான் எடுக்கக் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போன நம் கடை ராசிக்கை உன் அறைக்கு அனுப்பினேன். தவணைக்கு எடுத்த ரேடியோவையும், மாதாமாதம் பதினைந்தாம் தேதி அந்தத் தவணை கட்ட வட்டிக்காரனிடம் வாங்கிய முந்நூறையும், வட்டி கட்ட ஆபீஸ் சிநேகிதனிடம் வாங்கியதையும் அவன் வந்து சொன்னான். "புள்ள தனியா கெடக்கான், பாட்டாவது கேக்கட்டுமே" என்கிறாள் உம்மா. கேட்கட்டும், ஆனால் நூற்றுத்தொண்ணூறு ரூபாய்ச் சம்பளம் கைக்கு வருமுன்னே அதை மூன்று பேருக்குப் பங்கு வைத்தவன் எதைச் சாப்பிட்டுப் பாட்டுக் கேட்பது? வட்டி மார்க்கத்துக்கு ஆகாது என்று உனக்கு ஓதிக்கொடுத்தது இருக்கட்டும், கணக்குக்கும் ஆகாது, ஐந்து மாதம் கட்டியும் முந்நூறு முந்நூறாகவே நிற்கிறதாமே.

உன் கைக்குக் காசு அனுப்ப மாட்டேன். யாருக்கு எவ்வளவு என்று ஒன்று விடாமல் எழுதி வை. வட்டிக்காரனின் கடனை ராசிக் என் காசில் நேரில் தீர்த்துக் கையெழுத்து வாங்கி வருவான். ரேடியோவைத் திருப்பிக் கொடு. கடையின் கடன் கொப்பியில் தோட்டத்து வீரய்யாவின் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தை உன் பேருக்குப் போட்டிருக்கிறேன், வட்டியில்லாமல் மாதம் இருபத்தைந்து. சம்பளம் வாங்கிய அன்றே அறை வாடகை, சாப்பாட்டுக் கடைக் காசு, இந்த இருபத்தைந்து எல்லாம் தனியாக எடுத்து வைத்துவிடு, மிஞ்சியதில்தான் சினிமா, மிஞ்சாவிட்டால் கடற்கரையில் காற்று வாங்கு, அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

இன்னொன்றும் எழுதுகிறேன், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாக்கி கட்ட முடியாதவன் நம் கடை வாசலால் போகாமல் கோயில் பாதையால் சுற்றிப் போவான், நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆபீசில் லீவு விடவில்லை என்று எழுதினாய், அன்று ஆபீசே பூட்டு என்கிறான் ராசிக். உம்மா உன் பங்கு வட்டிலப்பத்தை மூன்று நாள் மூடி வைத்திருந்தாள். வீரய்யா நாற்பது ரூபாய் பாக்கியோடு வந்து என் முன்னால் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். வந்து முகம் காட்டியவருக்குச் சாமான் இல்லை என்று நான் சொன்னதில்லை.

அல்லாஹ் உன் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் உனக்கு நிதானத்தையும் தரட்டும். அந்தக் கணக்கைத் தபாலில் போடாதே, வரும் சனிக்கிழமை கையில் கொண்டு வா. ஹற்றனில் இருந்து இங்கே வரக் கடைசி பஸ் ஆறரைக்கு. பின்பக்கத்தால் வராதே, கடை வாசலாலேயே வா.

உன் வாப்பா
அலியார்