ஐந்து படிகளுக்கு மேலே மெஹ்னாஸ்

தண்டையார்ப்பேட்டை,
ஞாயிறு

அன்பு மகன் உசேனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் நவ்ரீனும் பேரனும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே யாவரும் சுகம் என்று எழுதினால்தான் கடிதம் தொடங்கும் என்பதால் எழுதிவிட்டேன், மற்றது கீழே. போனில் நீ ‘சரி அத்தா, சரி அத்தா’ என்று சொல்லும் வேகத்தில் எதையும் முழுதாகச் சொல்ல முடிவதில்லை. நம் தெரு தாவூது வெள்ளிக்கிழமை ஷார்ஜா வருகிறான், எலுமிச்சை ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நீ ஊறுகாயைத்தான் முதலில் திறப்பாய் என்று தெரியும்.

வீட்டை ஜாக்கி வைத்து மூன்றடி தூக்கியதைப் படம் எடுத்து அனுப்பினேன், நீயும் கட்டைவிரலைக் காட்டினாய். இரண்டு மழைக்காலம் தொடர்ந்து கட்டிலுக்கடியில் தண்ணீர் வந்தபின் தெருவே தூக்கிக்கொண்டிருந்தது, நாம் மட்டும் பள்ளத்தில் கிடக்க முடியுமா. சுவர் கீறுமா, குழாய் உடையுமா, கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நானும் உன் அம்மாவும் ஒரு மாதம் யோசித்தோம். வாசலில் ஐந்து படி கட்டி, கிரானைட் போட்டு, கைப்பிடியும் வைத்தோம். வேலை முடியும்வரை உன் தங்கை மெஹ்னாஸ் மாத்தூரில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். திரும்பி வந்த அன்று ஆட்டோவுக்குள் இருந்தபடியே நிமிர்ந்து பார்த்தவள், ‘அத்தா, வூடு ஷோக்காகீது. நான் எப்டி ஏர்றது?’ என்று கேட்டாள். இருபது வருடமாக அவள் சக்கர நாற்காலியில் இருக்கிறாள் உசேன். கழிவுநீர் போகும் வழியை யோசித்த எனக்கு மகள் போகும் வழி தோன்றவில்லை.

நான் பதில் தேடுவதற்குள் பக்கத்து வீட்டு காத்தூன் பீவியின் மகன் அஃப்ரித், காலேஜில் படிக்கிறானே அவன்தான், தோஸ்துகள் மூன்று பேரோடு ஓடிவந்தான். ஒரு வார்த்தை கேட்காமல் அவளை நாற்காலியில் வைத்துச் தர்காவில் சந்தனக்கூடு தூக்குவதுபோல் தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தார்கள். இன்னொருவன் அஃப்ரித்தின் போனில் படம் பிடித்தான். சாயங்காலத்துக்குள் அது அழுகிற வயலினோடு ‘மனிதம் இன்னும் சாகவில்லை’ என்ற தலைப்பில் வெளிவந்து, நாற்பதாயிரம் பேர் பார்த்துக் கண் கலங்கினார்கள். அவள் கண்ணை இறுக மூடிக் நாற்காலியின் கைப்பிடியைக் கவ்விக்கொண்டிருந்ததையும், ஒரு செருப்பு சாக்கடையில் விழுந்ததையும் அந்த நாற்பதாயிரத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. மறுநாள் அஃப்ரித்தைக் கூப்பிட்டு, ‘டேய், தூக்க சொல்லி நான் கேட்டனா?’ என்றாள். ‘இன்னாக்கா நீ, ஹெல்ப்புதான பண்ணோம்’ என்று முகத்தைத் தொங்கப்போட்டான். ‘சேரைப் புடிச்சா என் கையப் புடிச்சா மாதிரிடா. கேக்காம கையப் புடிப்பியா நீ?’ என்று கேட்டதும் வீடியோவை அழித்தான். நாற்பதாயிரத்தை அழிப்பது இந்த வயதில் பெரிய தியாகம்தான், குறை சொல்லக்கூடாது.

அதன்பின் மூன்று வாரம் அவள் ஐந்து படிக்கு மேலேயே இருந்தாள். எதற்கு அலைய வேண்டும், வீட்டிலிருந்தே ஏதாவது செய்யட்டுமே என்று நீ சொன்னாய். டோல்கேட் இ-சேவை மையத்தில் நான்கு வருடமாக அவள் வேலை பார்க்கிறாள். பென்ஷன் மனு கொண்டுவரும் கிழவிகள் அவள் வரும்வரை காத்திருப்பார்கள், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். ஒன்றாம் தேதி வரை அவள் இடத்தை வைத்திருக்கிறேன், அதற்குமேல் வேறு ஆள்தான் என்று மையத்துக்காரர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை, ஆனால் சாப்பாட்டைப் பாதியில் வைத்தாள், எனக்கு அது போதும்.

சாய்தளம் கட்டக் கொத்தனாரை அழைத்தேன். பத்தடி போதும் பாய் என்று கட்டியும் விட்டார். ‘நான் எறங்குறதுக்கு முன்ன தண்ணி கேன் ஒன்ன உருட்டிப் பாருங்க’ என்றாள் மெஹ்னாஸ். அது தெருவைக் கடந்து எதிர்வீட்டு ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது. கேனுக்கு ஏது பிரேக்கு என்றார் கொத்தனார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், மூன்றடிக்கு முப்பத்தாறு என்று அவள் சொன்னாள். முன்பே தெரியுமா என்றேன். தெரியும், யாரும் கேட்கவில்லை என்றாள்.

நம் வாசல் பதினெட்டடிதான், மீதி காத்தூன் பீவி வாசல் முன்னால் போக வேண்டும். அஸர் தொழுகைக்குப் பின் தெருவே கூடியது. ஒவ்வொரு வீட்டுப் படியும் தெருவில் மூன்றடியைத் தின்றிருக்கிறது, அதை யாரும் ஆக்கிரமிப்பு என்றதில்லை. சாய்தளம் மட்டும் வழியை அடைக்கும் என்றார்கள். கடைசியில் காத்தூன் பீவிதான், ‘போட்டுக்கோ பாய். உன் பொண்ணுக்காவ இல்ல, என் முட்டிக்காவ. அது மேலேந்து ஏறுனா எனக்கும் ரெண்டு படி கொறையும்’ என்று முடித்துவைத்தாள். இரக்கத்தைப் பற்றி அறுபது வருடமாகப் பள்ளிவாசலில் பயான் கேட்டிருக்கிறேன், காரியத்தை முடித்தது ஒரு முட்டிவலி.

முப்பத்தாறடியும் கட்டி முடிந்து, ஒன்றாம் தேதி காலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு தானே உருட்டி இறங்கினாள். சரிவு முடியும் இடத்தில், அடைத்துக்கொண்டு, அஃப்ரித்தின் பைக். அவனும் தோஸ்துகளும் ஓடிவந்தார்கள். இந்த முறை கேட்டார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ‘அக்கா, வண்டிக்கு மேலால தூக்கி அந்தாண்ட உட்றட்டா?’ ‘என்னிய ஏன்டா தூக்குற? வண்டியத் தூக்குடா’ என்றாள். அப்படி ஒரு வழி இருப்பது அப்போதுதான் தெரிந்தவன்போல் நின்றான். நானும் அதே ஜாதி என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியை எடுத்தான், அவள் டோல்கேட் போய்விட்டாள். இப்போது அந்த இடத்தில் அவனே சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறான், அதன்மேல் யார் நிறுத்தினாலும் சண்டைக்குப் போகிறான்.

இன்னொன்று. போன வாரம் வீடியோவில் உன் மகன், மாமி ஏன் எப்பவும் உட்கார்ந்தே இருக்காங்க என்று கேட்டதும் அவன் வாயைப் பொத்திப் போனைப் பிடுங்கினாயே, அது மெஹ்னாஸுக்குக் கேட்டது. கேள்வி அவளுக்கு வலிக்கவில்லை, பொத்தியதுதான் வலித்தது. எட்டு வயதில் காத்தாடி பிடிக்கப்போய் மொட்டை மாடியிலிருந்து விழுந்த கதையை அவள் நன்றாகச் சொல்லுவாள், அவனே கேட்கட்டும். மாமி பாவம் என்று மட்டும் சொல்லிக்கொடுத்து அழைத்துவராதே.

எனக்குக் களைப்பாக இருக்கிறது, கண்ணும் எரிகிறது. உங்கள் மூவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும், எனக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. லீவில் வரும்போது வாடகைக் கார் எடுத்தால் டோல்கேட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வா. நம் வாசலில் இடம் இல்லை.

இப்படிக்கு,
உன் அத்தா
உபைதுல்லா