மாஸ்டர் கல்லுக்கு ஒரு பொட்டு

அக்டோபர் 1, புதன்

விடியலிலிருந்து மழை. பாலத்தில் ஜாம். மோட்டார் சைக்கிளில் தொப்பலாக நனைந்து சிம்பாங் அம்பாட் போய்ச் சேர்ந்தேன். ஆயுத பூஜை. எடைக்கற்களைச் சோதிக்கும் எங்கள் லாபில் என்னுடன் வேலை செய்யும் செல்வி அக்கா முன்னாடியே வந்து எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து முடித்திருந்தார். எனக்கும் சுண்டல். சர்ச்சுக்குப் போகிறவள் என்றால் சுண்டல் வேண்டாமா என்ன.

வேலை: நகைக்கடை எடைக்கற்கள், இரண்டு பெட்டி. வழக்கம்போல முதலில் எங்கள் மாஸ்டர் கல்லை வைத்துத் தராசைச் சரிசெய்தேன். அது நூறு கிராம் என்றால் தராசுக்கும் நூறு. பிறகு கடைக் கற்கள். அத்தனையும் எடை குறைவு.

எங்கள் முதலாளி போஸுக்குக் கோபம் வந்தால் தமிழை விட்டு மலாய்க்குப் போய்விடுவார். இன்று முழுக்க மலாய்தான். என் கை சரியில்லையாம். வெள்ளிக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. கையுறை போட்டு இடுக்கியால்தான் எடுத்தேன். வீம்பு வந்துவிட்டது. கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

மாலை மறுபடி முதலிலிருந்து. இப்போதும் குறைவு, ஆனால் காலை அளவுக்கு இல்லை.

அக்டோபர் 2, வியாழன்

வெயில். நேற்று மாலை வந்த அதே குறைவு. எல்லாக் கல்லும் ஒன்றாக இளைக்குமா? இளைக்காது. அப்படியானால் மாஸ்டர் கல் கூடியிருக்க வேண்டும். கூடியது மாலைக்குள் கொஞ்சம் குறைந்தது எப்படி? ஏதோ ஈரம் காய்ந்திருக்கிறது.

கல்லைத் திருப்பினேன். அடிக்குழியில் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

"ஏன்க்கா, கல்லுக்குமா வச்சீங்க?"

"பின்ன? இங்க அதானே பெரிய சாமான். மேல வச்சா போஸ் ஏசுவாருன்னு அடியில வச்சேன்."

"அதனாலதான்க்கா மத்ததெல்லாம் கொறைவா காட்டுது. போஸ்கிட்ட சொல்லணும்."

"ஒரு பொட்டு என்னாடி கனம் இருக்கும்? சர்ச்சுக்குப் போற உனக்கு எங்க சாமின்னா இளக்காரம்லா."

சுருக்கென்றது. மதியச் சாப்பாடு தனித்தனியாக. அக்காவை மாட்டிவிட மனமில்லை. ஆனால் குறைவு என்று கையெழுத்துப் போட்டால் நல்ல கற்கள் குப்பைக்குப் போகும். பெயர் சொல்லாமல் தப்பிக்கலாமா? லாபில் இருப்பதே நாங்கள் இருவர். நாளை சொல்லிவிடுவேன். அதற்கு முன் அக்காவுக்குக் காட்ட வேண்டும்.

அக்டோபர் 3, வெள்ளி

தராசில் ஒரு துண்டுக் காகிதம். எண்ணைப் பூஜ்யமாக்கினேன். அக்கா விரலாலேயே அதில் ஒரு சந்தனப் பொட்டு. எண் ஏறியது. தராசின் கண்ணாடிக் கதவை மூடாமல் வைத்தேன். பொட்டு காயக் காய எண் இறங்கிக்கொண்டே வந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"கனமாத்தான் இருக்கு," என்றார். எழுந்து நேராக போஸ் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டார், தான் வைத்தது என்று, என் கையில் குறை இல்லை என்று. போஸ் மலாய்க்குப் போனார், பிறகு தமிழுக்குத் திரும்பி வந்தார்.

கல்லைத் துடைத்து மறுபடி நிறுத்தேன். இரண்டு பெட்டியும் தேறியது. வேலை நிரந்தரக் கடிதம் திங்களன்று.

கிளம்பும்போது அக்கா கூப்பிட்டார். காகிதத்துப் பொட்டைக் குப்பையில் போட மனம் வரவில்லையாம். ஈர விரலால் தொட்டு என் நெற்றியில் வைத்தார். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன்.

வீட்டில் அம்மா நெற்றியையே பார்த்தார். நிறுத்துப் பார்த்து வாங்கியதம்மா என்றேன்.