மிச்சமிருந்த செல்கள்

செப். 27, சனி
மேகம் மட்டும். மழை இல்லை. விதை உளுந்தைக் காயவைத்து அள்ளினேன்.
பரீட்சை லீவுக்கு மகா கழுகுமலை போகிறாள், பெரியப்பா வீட்டுக்கு. இவர் கொண்டுபோய் விடுகிறார். பையில் ஊசி, ஐஸ் டப்பா, சுகர் பார்க்கும் மிஷின்.
கொஞ்ச நாளாகச் சுகர் நல்லபடி. இன்சுலின் அளவும் குறைத்தாயிற்று. கழுகுமலை அண்ணன் தரும் மூலிகைப் பொடியால்தான் என்கிறார் இவர். டாக்டரம்மா சொன்னது வேறு. கிருமியோடு சண்டை போடவேண்டிய வெள்ளையணுக்கள், இன்சுலின் சுரக்கும் செல்களையே பகையென்று கொல்கின்றனவாம். தப்பித்த கொஞ்சம் செல்கள், ஊசி போட்டதால் ஆசுவாசமாகிச் சுரக்கின்றன. கொஞ்ச காலத்துக்குத்தான். "சரியாயிட்டுன்னு ஊசிய நிறுத்திராதீங்க."
மகாவுக்கு வயது பன்னிரண்டு. "எம் உடம்புக்கே என்னயப் பிடிக்கலையாம்மா?" என்கிறாள்.

அக். 2, வியாழன்
காலையில் போன். மகா குரல் சரியில்லை.
"தண்ணியா குடிக்கேன்மா. வயிறு வலிக்கு."
ஊசி போட்டியா? பெரியப்பா போனை வாங்கினார்.
"பொடி போதும் தாயி. பிள்ளயக் குத்திக் குத்திப் புண்ணாக்கிட்டிய."
இவரிடம் ஓடினேன். தலை குனிந்தார். ஊசியை நிறுத்துவார்கள் என்று தெரிந்துதான் விட்டு வந்திருக்கிறார்!
"அண்ணன் தப்பாவா சொல்லுவாவ?"
பதில் சொல்ல நிற்கவில்லை. கழுகுமலை பஸ் ஊர்ந்தது.
பாயில் கிடந்தாள். வாந்தி. புஸ்புஸ்ஸென்று மூச்சு. வாயில் அழுகின பழ வாடை. ஏட்டி மகா, ஏட்டி... கண் திறக்கவில்லை. ஆட்டோ பிடித்துக் கோவில்பட்டி ஆஸ்பத்திரி. ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டதாம்.

அக். 3, வெள்ளி
இன்னும் மயக்கம். டியூபில் இன்சுலின் இறங்குகிறது. வெளியே மழை.
இவர் வந்தார், கால் முழுக்கக் கரிசல் மண். டாக்டரம்மாவிடம் கையை நீட்டினார்.
"எம் ரத்தத்த எடுத்து அவளுக்கு ஏத்துங்கம்மா. எம் வெள்ளையணு நல்லாத்தான இருக்கு."
"ஏத்தினாலும் அவ உடம்பு பழைய மாதிரி அணுவத்தான் உண்டாக்கும். ஊசிதான் வழி."
"அதுகள யாரும் தடுக்க முடியாதா?"
"முழுசா தடுக்க இன்னும் மருந்து இல்லங்க."
நீட்டிய கையை இவர் எடுக்கவில்லை. எனக்கு இரக்கம் வரவில்லை. அடிக்கத்தான் தோன்றியது.
கடவுளே. ஒரு தரம் கண்ணைத் திறக்கட்டும்.

அக். 4, சனி
மத்தியானம் திறந்தாள்!
உதடெல்லாம் வெடிப்பு. "மிச்ச செல்லும் செத்துட்டாம்மா?"
தெரியாது என்றேன். பொய். அதுவும் ரொம்ப நாள் நிற்காது என்று காலையில்தான் டாக்டரம்மா சொன்னார்.
பெரியப்பா வந்தார், கையில் புதுப் பொட்டலம். இவர் வாசலிலேயே மறித்தார்.
"போயிருங்கண்ணே."
அண்ணனிடம் இவர் எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. சந்தோஷப்படவும் தெம்பில்லை.

அக். 5, ஞாயிறு
இரண்டு இட்லி தின்றாள்.
டியூபை எடுத்துவிட்டார்கள். இனி பழையபடி ஊசி. நர்ஸ் என்னிடம் நீட்ட, இவர் வாங்கிக்கொண்டார். மகா சட்டையை விலக்கி வயிற்றைக் காட்டினாள்.
"போடுங்கப்பா. வலிச்சா சொல்லுதேன்."
போட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை.