சிங்கப்பூரா, லண்டனா

12 மே, திங்கள்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. தொழிற்சாலையில் இரண்டு இயந்திரம் பழுது.

மகள் தேன்மொழிக்கு லண்டனிலிருந்தும் இடம் வந்துவிட்டது. சிங்கப்பூர் போன வாரமே வந்தது. இரண்டும் பேர்பெற்ற பல்கலைக்கழகம். எதற்குப் போனாலும் படிப்புச் செலவுக்கு உபகாரச் சம்பளம் உண்டு. வெள்ளிக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

செல்வி அக்கா, பக்கத்து மேசை: "சிங்கப்பூருக்கே அனுப்பு லா. நம்ம ஊர் கூலாய்ல பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடலாம். லண்டன்ல ஒண்ணுன்னா யாரு ஓடுறது?"

எனக்கும் அந்தப் பயம்தான். என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம். தூக்கத்திலேயே போனார். பக்கத்தில் படுத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.

13 மே, செவ்வாய்

வாங்க: அரிசி, சவர்க்காரம், தேனுவுக்கு இருமல் மருந்து.

"உனக்கு எதும்மா பிடிச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுங்கம்மா. எதுன்னாலும் சரி." போனிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

சிங்கப்பூர் என்று வாய்வரை வந்தது. நாளைக்குச் சொல்லலாம்.

14 மே, புதன்

வேலை சீக்கிரம் முடிந்தது. நாலு மணிக்கே வீடு. தேனு சமையலறையில், தோழியோடு போனில். நான் வந்தது தெரியாது.

"சிங்கப்பூர்னா அம்மா வாராவாரம் வந்து நிப்பாங்கடி. அப்பா போனதிலேருந்து என் ரூம்லதான் படுக்கிறாங்க. நான் மூச்சு விடுறேனான்னு மூக்குகிட்ட கை வச்சுப் பார்க்கிறாங்க. நான் தூங்கிற மாதிரி நடிப்பேன். எனக்கு லண்டன்தான் வேணும். சொன்னா ஒடஞ்சு போயிடுவாங்க."

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மறுபடி வெளியே போய், இரும்புக் கேட்டைச் சத்தமாகத் திறந்துகொண்டு வந்தேன்.

"வந்துட்டீங்களாம்மா? டீ போடவா?"

போட்டாள். குடித்தேன்.

15 மே, வியாழன்

வெயில். தலைவலி. டாக்டரிடம் எம்.சி. வாங்கி லீவு எடுத்துவிட்டேன்.

என் தலையணை, போர்வையைப் பழைய அறைக்கு மாற்றினேன். தேனு பார்த்தாள்.

16 மே, வெள்ளி

தூக்கமே இல்லை. இரண்டு முறை அவள் கதவுவரை போய்த் திரும்பினேன்.

காலையில் பசியாறும்போது சொன்னேன். "லண்டனுக்கே போ."

"நெஜமாவாம்மா? நீங்க தனியா..."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? வேலை இருக்கு. செல்வி அக்கா இருக்காங்க."

மடிக்கணினியை மேசைக்கே கொண்டுவந்து பதில் அனுப்பினாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உண்மையான அழுகைதான்.

ஆனால் அதற்கு முன்னால், பொத்தானைத் தட்டியதும், அவள் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதைப் பார்த்துவிட்டேன். அவ்வளவு பாரமாகவா இருந்திருக்கிறேன்.