நடுவழியில் நின்றுவிட்ட பெட்டி

அன்புள்ள சின்னவள் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? துணி காயப்போட மாடி ஏறாதே.

நான் சுகமாக வந்து சேர்ந்தேன், பெட்டிதான் வரவில்லை. பயப்படாதே, தொலையவில்லை. இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தோம் அல்லவா, அதனால் மாறி ஏறும் இடத்திலேயே அதை இறக்கிவிட்டார்கள். நான் வெளியே போய் எடுத்து, மறுபடி ஏற்ற வேண்டுமாம். வெளியே போக என்னிடம் அந்த நாட்டு விசா ஏது? புறப்படும்போது பெட்டியை வாங்கிக்கொண்டு, "நேரா போயிடும் சார்" என்று சிரித்தானே ஒருவன், அவனை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாறி ஏறும் இடத்துக் கவுண்டர் பெண் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள். 'பயணி பெட்டியை விட்டுச் சென்றார்' என்று எழுதியிருந்தது.

"நான் எங்கம்மா விட்டேன்? நீங்கதானே எடுக்க விடலை. மாத்தி எழுதுங்க" என்றேன். கடைசி அழைப்பு வந்தும் நகரவில்லை. பின்னால் நின்றவர்களும் சத்தம் போட்ட பிறகுதான் மாற்றி எழுதித் தந்தாள். ஓடிப்போய் ஏறினேன். அந்தத் தாளைக் காட்டிச் சண்டை போட்டதில், அடுத்த வாரம் அனுப்புவதாக விமானக் கம்பெனிக்காரர்கள் நேற்று ஒத்துக்கொண்டார்கள்.

அதுவரை பக்கத்துக் கட்டில்காரரின் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் கட்டடத்தில் கம்பி கட்டும் வேலைக்குப் போகிறேன். குதிகாலைக் கடிக்கிறது. என் மூக்குக்கண்ணாடியும் பெட்டியோடு நின்றுவிட்டது, டாக்டர் எழுதிய கண்ணாடிச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. உன் தலையணை உறையைக் காணோம் என்று சின்னவளைத் திட்டாதே. அது அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

அவசரமாக,
அவள் அப்பா