டைகரை நடக்க வைத்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை மழையில் நனைந்து வந்த தெருநாய் ஒன்று எங்கள் வாசலில் நின்று உடம்பை உதறியது. சேலையெல்லாம் சேறு. விரட்டக் கையை ஓங்கினேன். அதற்குள் அந்த ஈர நாய் வாடை மூக்கில் ஏறிவிட்டது, கையை இறக்கிவிட்டேன். உங்கள் வீட்டு வாடை அது. அந்தக் காலத்தில் நான் மூக்கைப் பொத்தினால், "உன் வூட்டுக்காரரு ஷிப்ட் முடிஞ்சு வந்தா மட்டும் மல்லிப்பூவாட்டம் மணக்குறாரா?" என்று கேட்பீர்கள். மூக்கிலிருந்து கையை எடுத்துவிடுவேன்.

அரியலூர் சிமெண்ட் ஆலைக் குவார்ட்டர்ஸில் நாம் பக்கத்துப் பக்கத்து வீடு. மாற்றல் வந்தால் எல்லாரும் கட்டிலைக் கட்டுவார்கள், பீரோவைக் கட்டுவார்கள், துளசிச் செடியைக்கூடத் தொட்டியோடு லாரியில் ஏற்றுவார்கள். நாயை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த நாய்களுக்கெல்லாம் போக்கிடம் உங்கள் வீடு.

ஜிம்மி என்ற பொமரேனியன் சோபாவில் உட்கார்ந்து கிரீம் பிஸ்கட் தின்றே பூசணிக்காய் மாதிரி ஆகியிருந்தது. அதைக் கொஞ்சம் நடத்துவீர்கள், நாக்கு நீளமாகத் தொங்கினால் நிழலில் நிறுத்துவீர்கள், மறுபடி கொஞ்சம். ரயில்வே கேட் அருகே பிறந்த குட்டி ஒன்றும் இருந்தது. அதை ஒருநாள் என் வீட்டுக்காரர் டி.வி.எஸ். வண்டிக்குப் பின்னால் ஓடவிட்டு வேடிக்கை பார்த்தார். எலும்பு முத்தாத பிள்ளை, அதுவாக ஓடி அதுவாக நிற்கட்டும், வண்டியைத் துரத்த அது என்ன போலீஸா என்று நடுரோட்டில் நீங்கள் பிடித்த பிடியில், மனுஷன் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

டைகர் கதை வேறு. பெரிய அதிகாரி வீட்டு அல்சேஷன் அது. பங்களா வாசலில் வருஷக்கணக்காகக் காவல் காத்தது. வயதானதும் அவர்கள் அதற்கு ஒரு மரியாதை செய்தார்கள். பென்ஷன் வாங்குகிற வயசு, உழைத்தது போதும் என்று போர்ட்டிகோவில் சங்கிலி போட்டு, பக்கத்திலேயே பால்சோறு வைத்து, ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ரிட்டயர் ஆனவர் ஈஸிசேரை விட்டு எழுந்தாலே குடும்பத்துக்கு அவமானம் என்று நினைக்கிற நம் குவார்ட்டர்ஸ் ஆட்களுக்குத்தான் இப்படித் தோன்றும். பாசத்தோடுதான் செய்தார்கள். ஆனால் சிமெண்ட் தரையில் கிடந்து கிடந்து பின்னங்கால்கள் வற்றிப்போய், ஒருநாள் டைகரால் எழுந்திருக்கவே முடியவில்லை. தை மாதம் அதிகாரி ஓய்வு பெற்றுத் திருச்சிக்குக் குடிபோக வேண்டும். படுத்த நாயை எப்படிக் கொண்டுபோவது, ஊசி போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

கேள்விப்பட்டதும் நீங்கள் நேரே பங்களாவுக்குப் போனீர்கள். பயந்துகொண்டே நானும் பின்னால் வந்தேன். "தை வரைக்கும் எங்கிட்ட குடுங்க சார். எந்திரிக்கலன்னா அப்புறம் உங்க இஷ்டம்" என்றீர்கள். அவர் நம்பவில்லை, ஆனாலும் கொடுத்தார். தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தோம்.

கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்தார். எலும்பில் கோளாறு இல்லை, அசையாமல் கிடந்ததில் சதை கரைந்திருக்கிறது, அவசரப்படாமல் வேலை கொடுத்தால் திரும்பும் என்றார். அவ்வளவு போதும் உங்களுக்கு. பழைய நூல்சேலையை மடித்து டைகர் வயிற்றுக்கு அடியில் கொடுத்து, ஒரு முனையை நீங்கள் பிடித்து, மறுமுனையை என் கையில் திணித்தீர்கள். நாய் என்றாலே நாலு வீடு தள்ளி நடக்கிறவள் நான். கல் லாரி ஓடும் தார்ரோட்டை விட்டு மண்பாதையில், வெயில் ஏறும் முன்பு, வாசலிலிருந்து குழாயடி வரை அதைத் தாங்கித் தாங்கி நடத்தினோம்.

ஐப்பசி மழையில் ஏரி நிறைந்ததும் அங்கே கூட்டிப் போனீர்கள். வயிற்றளவு தண்ணீரில் உடம்புக் கனம் குறைந்ததும் அந்தக் கால்கள் தாமாக அசைந்தன. துணி துவைத்த பெண்கள் நாய்க்கு நீச்சல் வகுப்பா என்று சிரித்தார்கள். ஆமாம், அடுத்தது சைக்கிள்தான் என்றீர்கள். சில நாள் டைகர் எழவே மாட்டேன் என்று படுத்துக்கொள்ளும். அன்றைக்கு நீங்கள் இழுக்க மாட்டீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து காலை நீவிவிட்டு, "இன்னிக்கு கெழவன் எம்புட்டு நடக்குறானோ அம்புட்டுதான் நம்ம நடை" என்பீர்கள். தை நெருங்க நெருங்க எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மார்கழியில் ஒருநாள் என் கையிலிருந்த சேலை முனை தொளதொளவென்று தொங்கியது. குனிந்து பார்த்தால் டைகர் சொந்தக் காலில் போய்க்கொண்டிருந்தது. நான் கத்தப்போனேன். பயமுறுத்தி விழவைத்துவிடாதே என்று அடக்கினீர்கள். ஆனால் அன்று நீங்கள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, குவார்ட்டர்ஸே உங்களுக்குச் சொந்தம் போல.

பொங்கலுக்கு முன்பு அதிகாரி வந்தார். குரல் கேட்டதும் டைகர் எழுந்து கேட்டுக்கு நடந்து போனது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, நானே கூட்டிப்போகட்டுமா என்று கேட்டார். நீங்கள் மாட்டேன் என்பீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ சேலையை மடித்து அவர் கையில் கொடுத்து, தார்ரோடு கூடாது, வெயில் கூடாது, ஒருநாளும் கட்டிப்போடக் கூடாது என்று உத்தரவு போட்டீர்கள். ஆலையே எழுந்து நின்று வணக்கம் வைக்கும் மனிதர், ஒவ்வொன்றுக்கும் சரிங்கம்மா, சரிங்கம்மா என்று தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜீப் திரும்பி மறைந்ததும் நான் அழுதுவிட்டேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"எதுக்குடி அழுவுற? நடக்க வெச்சது நம்ம வாசல்லயே உக்கார வெக்கிறதுக்கா?"

அதிகாரியும் டைகரும் திருச்சியில் தினம் காலையில் நடக்கிறார்கள், அவருக்குத் தொப்பை குறைந்துவிட்டது என்று பிறகு சேதி வந்தது. அதைக் குவார்ட்டர்ஸில் வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன வாரம் என் மகள் வேலை கிடைத்துச் சென்னைக்கு ரயில் ஏறினாள். ஒரே பிள்ளை. நான் ஸ்டேஷனையே நனைத்துவிடுவேன் என்று என் வீட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்துத் தயாராக நின்றார். ரயில் நகர்ந்தது. அவள் ஜன்னலில் கையாட்டினாள், நானும் ஆட்டினேன். பிறகு ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீடுவரை நடந்தே வந்தேன்.